அசோக மாமன்னரும் வாய்பேசாக் குடிகளும்

அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்த செய்தி. பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியதும் அதனை நாம் மறந்துவிடுகின்றோம். வேடிக்கைப் பேச்சிலுங்கூட அது அடிபடுகின்றது. ஆயினும், காந்தாரம் முதல் கருநாடகம் வரை ஆணை செலுத்திய ஒரு பேரரசர், தம் குலப்பெருமையையும் வெற்றி மாலைகளையும் அடுக்காமல், மரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் கல்லிலே பொறித்து வைத்தது ஏன் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு விடை அவருடைய வாழ்விலேயே இருக்கின்றது. அதனை இயன்ற அளவு இங்கே எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

அசோகர் மோரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். இளமையில் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்றும், விதிசை நகரத்து வணிகர் மகளாகிய தேவியை மணந்தார் என்றும், மகிந்தரும் சங்கமித்திரையும் அவ்வம்மையாரின் மக்கள் என்றும் இலங்கை வமிச நூல்கள் கூறுகின்றன. ஏறத்தாழக் கி. மு. 268 இல் அவர் முடிசூடினார். அரியணைக்காகத் தொண்ணூற்றொன்பது சகோதரர்களைக் கொன்றார் என்றும் அந்நூல்களே சொல்லுகின்றன. ஆனால் முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின் எழுதுவித்த சாசனமொன்றில் தம் சகோதரர், சகோதரியரின் இல்லங்களைக் கவனிக்கவும் அதிகாரிகளை நியமித்ததாக அசோகர் தாமே தெரிவிக்கின்றார். தம்மத்தின் ஒளியைப் பெரிதாகக் காட்டுவதற்கென்று முந்திய இருளைக் கன்னங்கரேலென்று பூசுவது கதை சொல்வோரின் வழக்கம். கல் சொல்வதை நாம் முதலில் கேட்போம். கதைக்குப் பின்னர் வருவோம்.

அந்தக் கல்லின் பேச்சும் பல நூற்றாண்டுகளாக எவருக்கும் விளங்காதிருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ரா என்னும் ஊரிலிருந்து ஒரு தூணைப் பெருமுயற்சியுடன் தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலுள்ள எழுத்தைப் படிக்க வல்லார் ஒருவரும் அன்று இல்லை. 1837 இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் அவ்வெழுத்தைப் படித்தறிந்தார். அங்கே கண்ட பெயர் தேவானாம்பிய பியதசி என்பது. அப்பெயருடைய மன்னர் அசோகரே என்பதை இலங்கையிலிருந்த டர்னர் பாலி நூல்களைக் கொண்டு காட்டினார். 1915 இல் மாஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்னும் பெயரே காணப்பட, ஐயம் முற்றும் நீங்கிற்று.

இனிக் கலிங்கம். முடிசூடி எட்டாண்டுகள் சென்றபின், இன்று ஒடிசா எனப்படும் அந்தக் கடற்கரை நாட்டின்மீது அசோகர் படை எடுத்தார். ஒன்றரை இலட்சம் பேர் நாட்டைவிட்டுப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர். ஓர் இலட்சம் பேர் களத்தில் மாண்டனர். அதனினும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர். இக்கணக்கைத் தந்தவர் பகையரசர் அல்லர். வென்றவரே தம் வாயால் ஒப்புக்கொண்டது இது. நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மாண்டவருக்காக மட்டும் அவர் வருந்தவில்லை. தாம் தப்பிப் பிழைத்திருந்தும் நண்பரையும் சுற்றத்தாரையும் இழந்து தவிப்பவரின் துன்பமும் தம் செயலால் விளைந்ததே என்று உணர்ந்தார். ஓரிடத்தில் விழுந்த அடி எங்கெங்கே சென்று வலிக்கின்றது என்று கணக்குப் பார்க்கும் கண் அன்றே அவருக்குத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் அக்கண் மனிதரைக் கடந்து விலங்கையும் பறவையையும் காட்டையும் காணலாயிற்று.

ஆனால் ஒரே இரவில் எல்லாம் மாறிவிடவில்லை. உபாசகரான முதல் ஆண்டில் தாம் போதிய ஊக்கம் காட்டவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே முயற்சி முதிர்ந்தது என்றும் அவரே குறிப்பிடுகின்றார். பத்தாம் ஆண்டில் போதிமரம் நிற்கும் தலத்திற்குச் சென்றார். அதுவரை அரசர்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் வேட்டைதான். அசோகர் அதனை நிறுத்தித் தம்ம யாத்திரையைத் தொடங்கினார். முதியோரையும் துறவிகளையும் கண்டு கொடுப்பது, நாட்டுப்புறத்து மக்களைக் கண்டு பேசுவது, இவையே அவ்யாத்திரையின் வேலைகள்.

வேட்டையை விட்டது பெரிதன்று. அடுக்களையைத் திருத்தியது பெரிது. முன்பெல்லாம் அரண்மனை மடைப்பள்ளியில் குழம்புக்காக நாள்தோறும் இலட்சக்கணக்கான உயிர்கள் வெட்டப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே வெட்டப்படுகின்றன என்றும், அந்த மானுங்கூட நாள்தோறும் அன்று என்றும், இனி இம்மூன்றும் வெட்டப்படமாட்டா என்றும் எழுதுவித்தார். உலகுக்கு உபதேசம் செய்யும் அரசர்கள் எத்தனையோ பேர். தம் வீட்டு உலையில் இன்றைக்கு என்ன வெந்தது, இன்னும் விடமுடியாமல் மிச்சமிருப்பது எது என்று ஊரறியக் கல்லில் எழுதியவர் வேறொருவரை நாம் அறியோம். மூன்று உயிர் இன்னும் மிஞ்சியிருக்கின்றன என்று எழுதிய அந்த நேர்மைக்காகவே, அவர் சொன்ன மற்றவற்றையும் நாம் நம்பலாம்.

இரண்டாவது பாறைச் சாசனம் தமிழராகிய நமக்கு நெருக்கமானது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபர்ணி எனப்படும் இலங்கை, மேற்கே யவன மன்னர் அந்தியோகரின் நாடு, இவை யாவும் அதிலே பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. இவை அசோகரின் ஆட்சிக்கு உட்படாத நாடுகள். அங்கேயுங்கூட அவர் ஏற்பாடு செய்ததாகக் கூறுவது இருவகை மருத்துவம்: மக்களுக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று. மருந்துச் செடிகளும் வேர்களும் பழங்களும் எங்கெங்கே இல்லையோ அங்கங்கே கொண்டுபோய்ப் பயிரிடச் செய்தார். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981 இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்ட தமிழ்க் கல்வெட்டு, சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. ஆகவே ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் குலத்தையே பாடலிபுத்திரத்து மன்னர் தம் கல்வெட்டில் குறித்திருக்கின்றார். பச்சிலைகளும் வேர்களும் எல்லை கடந்து போய்வந்த அந்நாளின் உறவு எண்ண எண்ண இனிக்கின்றது.

மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே சாசனத்தில் மருத்துவம் சொன்னதைச் சிலர் அருள் மிகுதி என்று பாராட்டிவிட்டு அப்பால் செல்வர். அது அருள் மட்டுமன்று, அறிவும் ஆகும். மாடு நோயுற்றால் உழவு நிற்கும். உழவு நின்றால் குழந்தை மெலியும். பஞ்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. உள்ளே பறக்கும் தூசி தொழிலாளியின் மார்பிலே தங்கும். வெளியே செல்லும் சாயநீர் ஆற்றிலே இறங்கும். அந்நீரைக் குடித்த எருமை சினை தங்காமல் நின்றதையும், அதே வீட்டுப் பெரியவர் இருமி இருமித் திண்ணையிலே சாய்ந்ததையும் ஒரே தெருவில் யாம் கண்டிருக்கின்றோம். இரண்டுக்கும் வைத்தியர்கள் வேறு வேறு பெயரிட்டார்கள். நோயின் ஊற்று ஒன்றே.

சாலைப் பணிக்கு வருவோம். மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரும்பொருட்டு ஆலமரங்கள் வைக்கப்பட்டன. மாந்தோப்புகள் உண்டாக்கப்பட்டன. இடைவெளி வகுத்துக் கிணறுகள் தோண்டப்பட்டன. தங்குமிடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைக்கப்பட்டன. ஆலமரம் நட்டவன் தன் ஆயுளில் அதன் முழு நிழலில் அமர்வதில்லை என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவர். அசோகரும் அறிந்திருந்தார்போலும். முன்னிருந்த மன்னர்களும் இத்தகைய வசதிகளைச் செய்தனர் என்று ஒப்புக்கொண்டு, தாம் இவற்றைச் செய்தது மக்கள் தம்ம நெறியில் நடத்தற்பொருட்டே என்று அவர் விளக்குகின்றார். வெயிலில் வாடி, நாவறண்டு நடப்பவனுக்கு நெறி ஏறுவதில்லை. உடல் குளிர்ந்தால் உள்ளமும் செவிசாய்க்கும். இதுவே அவர் கண்ட வழி.

நீர்நிலை பேணியதற்கு அவர் சாசனங்களுக்கு வெளியிலும் சான்று உண்டு. சௌராட்டிரத்துக் கிர்னார் மலையடியில் அசோகரின் சாசனங்களைத் தாங்கிய பாறையிலேயே, கி. பி. 150 ஐ ஒட்டிய காலத்து உருத்திரதாமன் என்னும் அரசனின் கல்வெட்டும் இருக்கின்றது. சுதர்சனம் என்னும் ஏரியைச் சந்திரகுப்தரின் அதிகாரி புஷ்யகுப்தர் கட்டுவித்தார் என்றும், அசோகருக்காக அந்நாட்டை ஆண்ட துஷாஸ்பர் என்னும் யவனர் அதற்குக் கால்வாய்கள் அமைத்தார் என்றும் அது கூறும். அசோகர் மறைந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், புயலில் உடைந்த கரையைக் கட்டிய ஒருவர் அச்செய்தியை நினைவில் வைத்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபோது அவர் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனமே இவ்வாழ்வின் சிகரம் என்பது எமது கருத்து. கிளி, மைனா, அன்னம், சக்கரவாகம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில், காட்டுப்புறா, ஊர்ப்புறா எனப் பெயர் பெயராகச் சொல்லி இவற்றைக் கொல்லலாகாது என்றார். எறும்பின் தாயையும் விடவில்லை. உணவுக்கும் பிற உபயோகத்துக்கும் ஆகாத நாற்கால் விலங்குகள் யாவற்றுக்கும் காப்பளித்தார். சினையுற்ற, பால் கொடுக்கின்ற ஆட்டையும் பன்றியையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் தொடலாகாது. குறித்த பௌர்ணமி நாட்களிலும் உபோசத நாட்களிலும் மீன் பிடிக்கவோ விற்கவோ கூடாது. யானைக் காடுகளிலும் மீனவரின் நீர்நிலைகளிலும் அந்நாட்களில் வேறு உயிர்களையும் கொல்லலாகாது. விசேட நாட்களில் காளைக்குக் காயடித்தலும், குதிரைக்கும் எருதுக்கும் சூடு போடுதலும் விலக்கப்பட்டன.

இவற்றுள் இரண்டு விதிகள் எம் மனத்தைவிட்டு அகலாதவை. ஒன்று, உயிர்கள் குடியிருக்கும் உமியை எரிக்கலாகாது என்பது. களத்துமேட்டில் குவிந்து கிடக்கும் உமிக்குள் என்னென்ன நெளியும் என்பதை நாட்டுப்புறத்தார் அறிவர். அரண்மனையிலுள்ளோர் அறிவது அரிது. சக்கரவர்த்தியின் பார்வை உமிக்குவியல்வரை இறங்கி வந்திருக்கின்றது. மற்றொன்று, காட்டை வீணாகவோ உயிர்களை அழிப்பதற்காகவோ கொளுத்தலாகாது என்பது. பயனின்றிக் கொளுத்துவதையே விலக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். உழவுக்கு நிலம் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. தேவைக்கும் வீணுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் இன்று நம் தலைமுறைக்கும் பெரும்பாடாக இருக்கின்றது.

அக்கோடு எங்கே தொடங்குகின்றது? வெளியுலகில் அன்று; தன் வீட்டிலும் நெஞ்சிலும். தாய் தந்தையரைப் பேணுதல், உயிர்க்கொலை தவிர்த்தல் ஆகியவற்றோடு சேர்த்துக் குறைவாகச் செலவிடுதலும் குறைவாகச் சேர்த்துவைத்தலும் நன்று என்று ஒரு சாசனத்தில் அறிவித்தார். கருவூலம் நிறைந்த அரசர் குடிமக்களுக்குச் சொன்னது இது. மனிதன் தான் செய்த நன்மையையே காண்கின்றான், தீமையைக் காண்பதில்லை என்றும், கொடுமை, சினம், செருக்கு, பொறாமை இவை தன்னைக் கெடுக்கும் என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே சோதித்தறிய வேண்டும் என்றும் மற்றொன்றில் கூறினார். சடங்குகளில் மிகுதியானவை பயனற்றவை என்று சொல்லி, அடிமைகளையும் பணியாட்களையும் நன்கு நடத்துதலே மங்கலச் சடங்கு என்றார். கூலிக்கு உழைத்தவர் இவ்விடத்தைப் படிக்கும்போது சற்று நிமிர்ந்து உட்காருவர். ஆசையைக் குறைத்தவன் காட்டை அழிக்கமாட்டான். சினத்தை அடக்கியவன் வேலையாளை அடிக்கமாட்டான். உள்ளத்தையும் வீட்டையும் காட்டையும் அவர் வெவ்வேறாகப் பிரித்துப் பேசவில்லை.

அவருடைய குறைகளை மறைத்துப் பேசுவது அவருக்கே பிடிக்காது. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. போரின் கொடுமையைச் சொல்லி வருந்தும் பதின்மூன்றாம் சாசனம் கலிங்கத்திலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்படவில்லை. அங்கே எல்லா மக்களையும் தம் மக்களாகக் கருதுவதாகக் கூறும் வேறு சாசனங்கள் இருக்கின்றன. புண்பட்டவர் முன்னிலையில் புண்ணைப் பேசாது விட்டது இரக்கமா, அரசியலா என்பதைப் படிப்போர் தீர்மானிக்கட்டும். காட்டில் வாழும் குடிகளை நயமாக அழைத்த அவரே, வருந்தினாலும் தமக்கு வலிமை உண்டு, ஆதலால் தவறிலிருந்து விலகாவிடில் உயிருக்கு ஆபத்து என்று எச்சரிக்கையும் விடுத்தார். காட்டு மரத்துக்குக் கிடைத்த ஆதரவு காட்டு மனிதனுக்கு முழுமையாகக் கிடைத்ததா என்னும் கேள்வி எமக்கு உண்டு. மரணதண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. தீர்ப்புப் பெற்றவர்களுக்கு மூன்று நாள் தவணை மட்டும் அளித்தார். இருபத்தாறு ஆண்டுகளில் இருபத்தைந்து முறை சிறைக் கைதிகளை விடுவித்தார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் வலிமை எவ்வளவு என்பதையும் அவர் அளந்து பார்த்தார். அடுத்த ஆண்டு எழுதுவித்த ஏழாம் தூண் சாசனம், பிரோஸ் ஷா கொண்டுவந்த தில்லித் தூண் ஒன்றில் மட்டுமே காணப்படுவது. மக்கள் தம்மத்தில் வளர்வதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று விதித்தல், மற்றொன்று சிந்திக்கச் செய்தல். இன்னின்ன உயிரைக் கொல்லாதே என்று தாமும் விதித்ததுண்டு, ஆயினும் விதியால் ஆனது சொற்பம், சிந்தனையால் ஆனதே மிகுதி என்று முடிவு சொன்னார். ஆணையிடும் அதிகாரம் முழுவதும் கையிலிருந்த ஒருவர், கிட்டத்தட்ட முப்பது ஆண்டு அனுபவத்துக்குப்பின் கண்ட முடிவு இது. அது வெறும் ஆசையன்று என்பதற்கு 1958 இல் ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரில் கிடைத்த கல்வெட்டு துணை நிற்கின்றது. கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்ட அது, அரசரின் வேட்டைக்காரரும் மீன்பிடிப்போரும் தம் தொழிலை விட்டதையும், அடக்கமற்றோர் இயன்றமட்டும் அடங்கியதையும் கூறுகின்றது.

மரத்தோடு அவருக்கிருந்த உறவைக் கதைகளும் மறக்கவில்லை. சங்கமித்திரை போதிமரக் கிளையை இலங்கைக்குக் கொண்டு சென்றதும், தேவானாம்பிய திஸ்ஸ மன்னர் அநுராதபுரத்தில் அதனை நடுவித்ததும் யாவரும் அறிந்தவை. அம்மரம் இன்றளவும் அங்கே வணங்கப்பட்டு வருகின்றது. திஷ்யரக்ஷிதை என்னும் அரசி, அரசர் போதிமரத்தின்மீது வைத்த அன்பைக் கண்டு பொறாமையுற்று அதனைப் பட்டுப்போகச் செய்தாள் என்றும், மரம் வாடியது கேட்டு அசோகர் மூர்ச்சையுற்றார் என்றும், பின்னர்ப் பால் வார்த்து அதனைத் தழைக்கச் செய்தனர் என்றும் அசோகாவதானம் கூறும். இதனை வரலாறென்று சாதிக்க வேண்டியதில்லை. ஒரு மரம் வாடினால் தானும் வாடும் மன்னராக மக்கள் அவரை நினைவில் வைத்தனர் என்பதே நமக்குப் போதும்.

இறுதிக்காலத்தைப் பற்றிக் கல்வெட்டுகள் மௌனம் சாதிக்கின்றன. ஏறத்தாழக் கி. மு. 232 இல் அவர் காலமானார். அவதான நூல் ஒரு கதை சொல்லுகின்றது. சங்கத்துக்கு நூறு கோடிப் பொன் வழங்க அவர் உறுதி பூண்டிருந்தார். தொண்ணூற்றாறு கோடி கொடுத்தாயிற்று. அமைச்சர்கள் அஞ்சினர், இளவரசராகிய பேரர் சம்பதியிடம் சொல்லிக் கருவூலத்தைப் பூட்டச் செய்தனர். நோயுற்றிருந்த அசோகர் தமக்கு உணவு வந்த பொற்கலங்களைச் சங்கத்துக்கு அனுப்பினார். பின்னர் வெள்ளிக்கலம் வந்தது, அதையும் அனுப்பினார். முடிவில் மண்கலத்திலே உணவு வந்தது. கையில் பாதி நெல்லிக்கனி ஒன்றே எஞ்சியது. உலகாண்ட தமக்கு இப்போது சொந்தமானது இப்பாதிக் கனியே என்று கண்கலங்கி, அதனையும் குக்குடாராமத்துக்குக் கொடுத்தனுப்பினார். அங்கிருந்த தேரர் அதனை மசித்துக் குழம்பில் கலக்கச் செய்து, பிக்குகள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பகிர்ந்தளித்தார்.

அதன்பின் அசோகர் மெல்ல எழுந்து, இப்பூமிக்கு உரியவர் யார் என்று அமைச்சர் இராதகுப்தரை வினவினார். தாங்களே என்று அவர் மறுமொழி கூறினார். உடனே மாமன்னர் நாற்றிசையும் நோக்கிக் கைகுவித்து, கருவூலம் நீங்கலாகக் கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் சங்கத்துக்குத் தானமாக எழுதி, முத்திரையிட்டு, உயிர் நீத்தார். மறுநாள் பட்டாபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்த அமைச்சர்கள், நாடு நமதன்றே, தானமாகப் போய்விட்டதே என்று திகைத்தனர். பிறகு மீதியிருந்த நான்கு கோடிப் பொன்னைச் சங்கத்துக்குச் செலுத்திப் பூமியை விலைக்கு மீட்டுக்கொண்டு, அதற்கப்புறமே சம்பதியை அரியணையில் ஏற்றினார்கள்.